வட்டம் போட்டு 'ஹெச்' எழுதினா ஹெலிபேட் ஆகிடுமா?

வி.ஐ.பி வர்றாங்கன்னா நம்ம ஊர் காலேஜ் கிரவுண்டுல திடீர்னு ஒரு ஹெலிபேட் முளைக்கும். பார்த்திருப்பீங்க. அந்த அவசரம் எங்கே கொண்டு போய் விடும்னு 2025 அக்டோபர் 22-ல் கேரளா காட்டியது. சபரிமலைக்கு வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் ஹெலிகாப்டர் நிலக்கல்லில் இறங்க வேண்டியது. வானிலை சரியில்லைன்னு பத்தனம்திட்டா பக்கம் பிரமாடம் ஸ்டேடியத்துக்கு மாத்தினாங்க. புதுசா போட்ட கான்கிரீட் இறுகவே இல்லை, சக்கரம் புதைஞ்சிடுச்சு. போலீஸும் தீயணைப்பு வீரர்களும் தள்ளி நகர்த்தினாங்க. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

நம்ம ஊர்க் கொத்தனாரைக் கேளுங்க. தளம் போட்டா ஒரு வாரமாவது தண்ணி விடணும், முழு பலம் வர 28 நாள் ஆகும்பார். விமானப்படையின் எம்.ஐ-17 வி5 ரக ஹெலிகாப்டர் முழு சுமையோடு 13 டன்!

இடமும் சும்மா இல்லை. சுழலும் இறக்கையோடு நீளம் சுமார் 25 மீட்டர். குறைந்தது அந்த அளவுக்கு இறங்குதளம், சுத்தியும் அதில் கால் பங்கு காலியிடம்னு வச்சுக்கலாம். சதுரமா போட்டா நம்ம கணக்குல கிட்டத்தட்ட 36 சென்ட். அதைத் தாண்டி, வந்து இறங்குற பாதையில கரன்ட் கம்பி, செல்போன் டவர், தென்னை எதுவும் குறுக்கே நிக்கக் கூடாது. பக்கத்துல தகர ஷெட் இருந்தா இறக்கைக் காற்றுல கூரை பறக்கும். செல்ஃபி எடுக்க ஓடுறவங்க கவனிக்க!

நீலகிரின்னா இன்னும் சிக்கல். உயரம் கூடக் கூட காற்று மெலியும், இன்ஜினின் பலமும் குறையும். கூடவே மேகம். 2021 டிசம்பர் 8-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ-17 வி5, இறங்க சில நிமிஷமே இருந்தப்போ குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அதில் இருந்த 14 பேரில் யாரும் பிழைக்கலை. பள்ளத்தாக்கில் திடீர்னு மாறிய வானிலையால மேகத்துக்குள் நுழைஞ்சதே காரணம்னு விமானப்படை விசாரணை சொன்னது. எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

அதனாலதான் ஹெலிபேட் திட்டத்துல ரோடும் சேரணும்கிறேன். 2024 நவம்பரில் முர்மு ஊட்டிக்கு வந்தப்போ மலையில வானிலை மோசம். ஹெலிகாப்டரை விட்டுட்டு, கோவையிலிருந்து கோத்தகிரி வழியா கார்லயே போனார். டிராஃபிக்கை நிறுத்தினப்போ நமக்குக் கடுப்பாத்தான் இருந்திருக்கும். ஆனா அன்னிக்கு எடுத்த முடிவு ரொம்பச் சரி.