சின்னக் குண்டு சுவரோடு நின்றுவிடாது

2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்ட பிறகு, தனித்து வாழ்வோருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற குரல் உரக்கக் கேட்டது. அந்த அச்சத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அக்கம்பக்கமே இல்லாத வீட்டுக்குச் சொன்ன யோசனையை, அடுக்குமாடி வீட்டுக்கும் ஒட்டிக் கட்டிய வீட்டுக்கும் சேர்த்தே சிலர் சொல்கிறார்கள். “சரியான தோட்டாவாகப் பார்த்து வாங்கினால் போதும். .32 சின்னக் குண்டுதானே, திருடனோடு நின்றுவிடும்” என்பது அவர்கள் வாதம். காஞ்சிபுரம் – வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை மாதிரி ஒரு நெசவு ஊரில் இந்த யோசனை உயிரைக் காக்காது, அடுத்த வீட்டு உயிரையும் பணயம் வைக்கும்.

தேர்வு என்கிறார்களே, தேர்ந்தெடுக்க இங்கே என்ன இருக்கிறது? 9 மி.மீ., .38 குழல் அளவுகள் சாதாரண உரிமதாரருக்குத் தடை. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32தான். பெண்களின் பாதுகாப்புக்கென்று 2014இல் கான்பூர் அரசு ஆலை கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் அதே .32. தோட்டாவையும் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது.

அந்தச் சின்னக் குண்டுக்கு வருவோம். .32 ரிவால்வரின் ஈயக் குண்டு 6 கிராமுக்குச் சற்று மேல். நொடிக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். அதன் ஆற்றல் 9 மி.மீ. குண்டின் மூன்றில் ஒரு பங்குதான் என்பது உண்மை. ஆனால் மொட்டை முனையுள்ள அந்த ஈயம் இந்த வேகத்தில் உடலுக்குள் விரிவதில்லை. விரியாத குண்டு ஆழமாகவே போகும். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பின் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ஆளை வீழ்த்தக் குண்டு உடலுக்குள் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று அளவு வைத்தது. அவ்வளவு ஆழம் போகிற குண்டுக்கு ஜிப்சம் பலகைத் தடுப்பு ஒரு பொருட்டே இல்லை. முனை குழிந்த குண்டு விரிந்து நின்றுவிடும் என்பார்கள். அதுவோ பலகையைத் துளைக்கும்போது குழி அடைபட்டு, விரியாமலே அந்தப் பக்கம் போய்விடக்கூடும். ஆளை வீழ்த்தும், பலகையில் நிற்கும் என்று இரண்டையும் செய்கிற குண்டு கிடையாது.

“நம் சுவர் செங்கல்லாயிற்றே?” சரி, ஒன்பது அங்குலச் சுவர் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுத்துவிடும். கதவு? ஜன்னல் கண்ணாடி? பிளைவுட் தடுப்பு? கான்கிரீட்டில் சாய்வாகப் பட்டால் குண்டு தெறித்து வேறு பக்கம் போகும். இருட்டில், கை நடுங்க, தூக்கக் கலக்கத்தில் சுடுகிறவர் சுவரைப் பார்த்தா சுடுவார்? நெசவு ஊரில் ஒட்டி ஒட்டி வீடுகள். விடியற்காலையிலேயே பாவு நீட்டத் தெருவுக்கு ஆள் வந்துவிடும். ஜன்னல் வழியே தவறிப்போன குண்டு அங்கேதான் போய் விழும்.

சட்டம் துணைக்கு வரும் என்பது பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. இரவில் பூட்டை உடைத்து நுழைபவனை எதிர்க்க அது பரந்த உரிமை தருகிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. முதுகைக் காட்டி ஓடுபவனைச் சுட்டவர் அந்த உரிமையை எளிதில் கோர முடியாது. அப்பாவிக்கு ஆபத்து நேரக்கூடிய இடத்தில், உயிர்ப்பயத்துக்கு நியாயமான காரணம் இருந்து, வேறு வழியும் இல்லை என்றால்தான் 44ஆம் பிரிவு கைகொடுக்கும்.

“கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தைரியம்” என்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிற வாதம். குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டியது நள்ளிரவில் சட்டென்று கைக்கு வராது. தலையணைக்கடியில் நிரப்பி வைத்தால் முதலில் எடுப்பது பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் வீட்டைக் காப்பது கதவும் தாழ்ப்பாளும்தான்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகையையும் ஜரிகையையும் வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். படுக்கையறைக் கதவுக்கு உறுதியான உள்தாழ்ப்பாள் போடுங்கள். சத்தம் கேட்டால் குடும்பத்தோடு உள்ளே தாழிட்டுக்கொண்டு 112ஐ அழையுங்கள்.