ஈ.எம்.ஐ.யில் ஒரு ரோலர் கோஸ்டர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கெடக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். இன்னிக்கு வேலையை எல்லாம் தள்ளி வெச்சுட்டு எழுத உக்காந்ததுக்கு ஒரே காரணம், கோபம்.

போன வாரம் பக்கத்து சீட்டு நண்பர் மொபைலை நீட்டினார். 'சிங்கப்பூர், யுனிவர்சல் ஸ்டூடியோஸ், நாலு ராத்திரி அஞ்சு பகல், எளிய தவணையில்'னு ஒரு விளம்பரம். "லோன் அவங்களே அரேஞ்ச் பண்றாங்களாம். குழந்தைங்க சின்ன வயசு திரும்ப வருமா சார்? கடன் வாங்கியாவது ஒரு தடவை காட்டிடணும்" அப்படின்னார்.

இந்தக் 'கடன் வாங்கியாவது'ங்கற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏறிச்சு பாருங்க! ஏன்னா இதே டயலாக்கை 2022-ல நானே தங்கமணிகிட்ட சொல்லியிருக்கேன். அதனால இந்தப் பதிவுல விழற முதல் அடி எனக்குத்தான். மிச்சத்தை நீங்க பங்கு போட்டுக்கலாம்.

கொரோனா அடங்கி வந்த முதல் கோடை லீவு அது. ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்த குழந்தைங்க. அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்பில் தினம் ஒரு ஏர்போர்ட் செல்ஃபி. கையில இருந்த சேமிப்போட ஒன்னரை லட்சம் பர்சனல் லோன் போட்டு ஒரு பேக்கேஜ் வாங்கினேன். மகளுக்கு ஏழு வயசு, பையனுக்கு நாலு. விமானம், ஹோட்டல், பஸ், இந்தியச் சாப்பாடு எல்லாம் அடக்கம்னாங்க. பணம் கட்டற அன்னிக்குத்தான் டி.சி.எஸ்.னு ஒரு 5 சதவீதம் தனின்னு தெரிஞ்சது. (வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2020 அக்டோபரில் இருந்து பிடிக்கற வரி அது. ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம்தான். ஆனா மே மாசம் கையை விட்டுப் போன காசு அடுத்த வருஷம் திரும்பி வந்து என்ன பிரயோஜனம்? விகிதமும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கேட்டுக்குங்க.)

சரி, அந்தப் பேக்கேஜில் நாங்க பார்த்த யுனிவர்சலைச் சொல்றேன். காலைல எட்டரைக்கே லாபியில் ஆஜர். ஒரு குடும்பம் இறங்கி வர ஒன்பதேகால். வழியில் 'சாக்லேட் தொழிற்சாலை'ன்னு ஒரு கடை. தொழிற்சாலை எங்கேயும் கண்ணுல படலை, கல்லாப்பெட்டி மட்டும் நல்லாத் தெரிஞ்சது. பார்க் வாசலில் கால் வைக்கும்போது மணி 11:50. அஞ்சு மணிக்கு வெளியே வந்துடணும், அடுத்த ஷோவுக்கு பஸ் நிக்காது. ஆக, முழு நாள் டிக்கெட்டுக்கு எங்களுக்குக் கிடைச்சது அஞ்சு மணி நேரம். அதுல நாங்க ஏறினது மொத்தம் நாலு ரைடு.

இதுல ஒரு கொடுமை வேற. மகள் ஒரு மாசமா யூட்யூபில் பார்த்து ஆசைப்பட்டது அந்த மம்மி ரைடு. இருட்டுக்குள்ள ஓடற ரோலர் கோஸ்டர். அதுக்குக் குறைஞ்சபட்ச உயரம் 122 செ.மீ. வாசலில் அளவுகோல் வெச்சுப் பார்த்தாங்க. என் மகள் 119. மூணு செ.மீ.! அந்தப் பொண்ணு குதிகாலைத் தூக்கி நிக்கப் பார்த்ததும், பணியாளர் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினதும், அவ ஒண்ணும் சொல்லாம என் கையைப் பிடிச்சுக்கிட்டதும் இன்னும் கண்ணுல நிக்குது. தப்பு பார்க் மேல இல்லை. அது பாதுகாப்புக்கான விதி. உயர அளவு எல்லாம் அவங்க தளத்திலேயே போட்டிருக்கு. ஒன்னரை லட்சம் கடன் வாங்கத் தெரிஞ்ச எனக்கு, வீட்டுச் சுவத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுப் பார்க்கத் தோணலை.

இப்ப கணக்குக்கு வாங்க. 1,50,000 கடன், 14 சதவீத வட்டி, 24 மாசம். மாசம் சுமார் 7,200. மொத்தம் கட்டினது 1,72,800. வட்டி மட்டும் 22,800. நாலு பேர் குடும்பத்துக்கு யுனிவர்சல் சிங்கப்பூர் ஒரு நாள் டிக்கெட், பெரியவங்களுக்கு 80 சிங்கப்பூர் டாலர், சின்னவங்களுக்கு 60 டாலர் சுற்றுவட்டாரத்துல வெச்சாலும், நம்ம காசுல இருபதாயிரத்தை ஒட்டித்தான் வரும். அதாவது நான் கட்டின வட்டிக்கே இன்னொரு முழு நாள் போயிருக்கலாம்!

அந்த ரெண்டு வருஷத்துல நடந்தது இன்னொண்ணு. ஸ்கூல்ல ஒரு சுற்றுலா, 3,500 ரூபாய். "இந்த மாசம் வேணாம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொன்னேன். அவ அடம் பிடிக்கலை. "ஈ.எம்.ஐ.யாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையைக் கத்துக் கொடுத்தது நான். குழந்தைங்க சின்ன வயசு திரும்ப வராதுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சின்ன வயசு அஞ்சு நாளோட முடிஞ்சு போறதில்லையே நண்பரே? மீதி ரெண்டு வருஷத்தையும் அதே பிள்ளைதானே வாழணும்?

அடுத்தது எக்ஸ்பிரஸ் பாஸ். இதுக்கு உள்ள போனதும் எங்க பேக்கேஜ் கைடு கொடுத்த ஆலோசனை: "சார், எக்ஸ்பிரஸ் எடுத்துடுங்க, இல்லன்னா வேஸ்ட்." லேட்டாக் கூட்டிட்டு வந்தது அவங்க, அதைச் சரிக்கட்டக் காசு கொடுக்க வேண்டியது நாங்களாம். எடுக்கலை, கையில காசு இல்லை. எழுபது நிமிஷம் நின்ன ஒரு வரிசையில, பக்கத்துச் சந்து வழியா ஆட்கள் சர்ரு சர்ருன்னு போறதைப் பார்த்து மகள் கேட்டா, "அவங்க ஏம்ப்பா முன்னாடி போறாங்க?" அதிகம் காசு கொடுத்திருக்காங்கன்னேன். "கோயில்ல மாதிரியா?"ன்னா.

ஒரு நிமிஷம் பேச்சு வரலை. திருப்பதி 300 ரூபாய் வரிசையில அவளைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நான். அதனால எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கறவங்களைப் பாவிகள்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனா அதை ஏதோ 'வசதி'ன்னு விக்கறாங்களே, அந்தப் பொய்யைச் சொல்லலாமில்ல? ஒரு ரைடுக்கு மணிக்கு இத்தனை சீட்டுதான். அதுல ஒரு பங்கை எக்ஸ்பிரஸுக்குக் கொடுத்தா, சும்மா நிக்கறவன் வரிசை அந்த அளவுக்கு மெதுவாகும். மெதுவாக ஆக எக்ஸ்பிரஸ் அதிகம் விக்கும். வரிசை நீளமா இருக்கறதுல லாபம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

சரித்திரத்தைப் பார்த்தா இன்னும் சிரிப்பு வரும். கலிஃபோர்னியா டிஸ்னிலாண்ட் 1955-ல திறந்தப்ப ஒவ்வொரு ரைடுக்கும் தனிக்காசு. அப்புறம் ஏ, பி, சின்னு கூப்பன் புத்தகம் வந்தது. 1959-ல பெரிய ரைடுகளுக்கு 'ஈ' டிக்கெட். 1982-ல அதை எல்லாம் தூக்கிட்டு, ஒரே டிக்கெட், எதுல வேணா ஏறுன்னு ஆக்கினாங்க. 1999-ல வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம், டிக்கெட் வெச்சிருந்த எல்லாருக்கும் உண்டு. 2021-ல அதை எடுத்துட்டுக் காசுக்கு ஜீனி ப்ளஸ், 2024-ல பேரை மாத்தி லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ். டோக்கியோவிலும் 2022-ல காசு கொடுத்து முன்னால போற பிரீமியர் அக்சஸ் வந்தாச்சு. சுத்திச் சுத்தி அதே 'ஈ' டிக்கெட்டுக்கே வந்து நிக்குது. என்ன, இந்தத் தடவை எல்லா ரைடுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டுன்னு காசை வாங்கிட்டு, அதுக்கு மேல!

இவ்வளவு படிச்சுட்டு, "அதான் நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு ஒரு பெரியவர் கோஷ்டி கிளம்பும். "அந்தக் காசுக்கு ஒரு கிராம் ரெண்டு கிராம் தங்கம் வாங்கலாம், பொம்மை ஊரைப் பாக்க ஃப்ளைட்டா?" என் மாமனார் உட்பட. ஐயா, உங்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எங்கப்பா ஆயுசு முழுக்கச் சேமிச்சார், ஒரு தடவை கூட எங்களோட ரங்கராட்டினத்துல ஏறினதில்லை. கீழே நின்னு பையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவர் அவர். சந்தோஷத்துக்குச் செலவு பண்றது பாவமே இல்லை. கடன் வாங்கிப் பண்றதும், அடுத்தவன் செல்ஃபிக்குப் பதில் சொல்லப் பண்றதும்தான் தப்பு.

எனவே ரெண்டாவது தடவை என்ன பண்ணினோம்னு சொல்லிடறேன். 2024-ல கடன் முடிஞ்ச மாசமே, அதே 7,200-ஐ ஆர்.டி.யில் போட்டேன். பழகின வலிதானே! ஒரு வருஷத்துல தொண்ணூறாயிரத்தை நெருங்கிச்சு, போனஸ் கொஞ்சம் சேர்ந்தது. 2025 மே முதல் வாரம். சிங்கப்பூர் பள்ளிகளுக்கு லீவு பெரும்பாலும் ஜூனிலும் வருஷக் கடைசியிலும்தான். நம்ம ஊர் கோடை லீவு அதுக்கு முன்னாடியே வந்துடுது. இந்த ஒரு விஷயத்தை எந்த ஏஜெண்டும் எனக்குச் சொல்லலை.

விமான டிக்கெட் தனியா, ஹோட்டல் தனியா. லிட்டில் இந்தியாவில் ரூம். அங்கேருந்து ஹார்பர்ஃப்ரண்டுக்கு ஒரே ரயில், மாறவே வேணாம். இறங்கினா விவோசிட்டி, அங்கேருந்து செந்தோசாவுக்கு நடைபாலத்துல நடந்தே போயிடலாம், காசு கிடையாது. பத்து மணிக்குத் திறக்கற பார்க்குக்கு ஒன்பதரைக்கே வாசலில் நின்னோம். வெட்டவெளி ரைடு எல்லாம் காலையிலேயே முடிச்சாச்சு, ஏன்னா ஏப்ரல் மே மாசம் அங்க மத்தியானம் இடி மழை வந்தா அதையெல்லாம் நிறுத்திடுவாங்க. தனி ஆள் வரிசைன்னு சில ரைடுல உண்டு, பக்கத்துல உக்காரணும்னு பிடிவாதம் இல்லாதவங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். பையனுக்கு அந்த வருஷம் பிப்ரவரியில் புதுசாத் திறந்த மினியன் லேண்ட். கிளம்பற வரைக்கும் இருந்தோம், யாரும் பஸ்ஸுக்குக் கூப்பிடலை.

ஒரே பார்க், ஒரே நாள். மிச்ச நாளில் கார்டன்ஸ் பை த பே வெளித் தோட்டமும், ராத்திரி அந்த ராட்சத மரங்களோட ஒளிக்காட்சியும், குழந்தைங்க தண்ணியில ஆடற இடமும். எல்லாம் இலவசம். சாப்பாடு தேக்கா மார்க்கெட்டில். விசா உட்பட எல்லாம் சேர்த்து ஒன்னரை லட்சத்துக்குள்ள முடிஞ்சது, அதுல ஒரு பைசா கடன் இல்லை.

மகள் இப்ப 135 செ.மீ. மம்மி ரைடுல நானும் அவளும் பக்கத்துல பக்கத்துல. இருட்டுல நான் கத்தின கத்தலை அவ இன்னிக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறா. இறங்கி வந்ததும் கேட்டா, "மூணு வருஷம் லேட்டா வந்ததும் நல்லதுதான்ப்பா, இல்ல?"

ஆமாம்மா. நூத்துக்கு நூறு நல்லதுதான்.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "யோசிக்கறேன் சார்"னார். யோசிச்சா சரி. இந்த வருஷம் முடியலைன்னா பாபநாசம் அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க உயரம் அளக்க மாட்டாங்க :-)

டிஸ்கி 1: டிக்கெட் விலை, விசா விதி எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். என்னை நம்பாம அதிகாரப்பூர்வ தளத்துல பார்த்துக்குங்க.

டிஸ்கி 2: மாமனார் இந்தப் பக்கம் படிக்கறதில்லைங்கற தைரியத்துல எழுதினது. போட்டுக் கொடுக்கறவங்களுக்கு அடுத்த பிறவியில் நாள் பூரா எழுபது நிமிஷ வரிசைதான்!