ஆளாவதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை

வெளிநாட்டு நகரம் ஒன்றில் இரண்டு வருடம் படித்தால் பிள்ளை ஆளாகித் திரும்புவான் என்ற நம்பிக்கை, திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறு போன்ற ஊர்களிலும் வேர் பிடித்துவிட்டது. என்ன பாடம், எந்தக் கல்லூரி, கடனை எப்படி அடைப்பது என்று யாராவது கேட்டால், "வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நாலு விஷயம் தெரியும், தைரியம் வரும்" என்பதே கடைசிப் பதிலாக வருகிறது. 2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரையும் அந்தந்த நகரங்கள் வளர்த்தெடுக்கின்றன என்ற எண்ணம் தவறானது. நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு அது ஆபத்தானதும்கூட.

போய் வந்தவர்களின் துணிச்சலைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் அந்தத் துணிச்சலில் எவ்வளவு அவர்கள் கிளம்பும்போதே எடுத்துச் சென்றது? ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து யூலியா சிம்மர்மன், ஃப்ரான்ஸ் நேயர் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. வெளிநாடு சென்றவர்கள் செல்லும் முன்பே மற்றவர்களைவிடக் கலகலப்பாகப் பழகுபவர்களாக இருந்தார்கள். சென்ற பின் அவர்களிடம் மாற்றமும் தெரிந்தது. புதியதை ஏற்கும் மனம் கூடியது, மனப் பதற்றம் குறைந்தது. ஆனால் அந்த மாற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம், அங்கே பிற நாட்டவரோடு அவர்கள் புதிதாக ஏற்படுத்திக்கொண்ட உறவுகள். அந்த உறவு அமையாதவருக்கு நகரம் வெறும் முகவரிதான்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு அந்த உறவு எளிதில் அமைவதில்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் அடித்தளத்தை ஐந்தாறு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் தமிழோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அரிசி தமிழ்க் கடையில், படம் கைப்பேசியில், இரவில் கிடங்கு வேலை, காலையில் அரைத் தூக்கத்தோடு வகுப்பு. இது அந்தப் பிள்ளைகளின் குற்றமில்லை. கனடா செல்லும் மாணவர் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 20,635 கனடிய டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 10,000 டாலர் போதுமானதாக இருந்தது. வங்கிக்கு 20 லட்சம் ரூபாய் கடன்பட்டு, 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை 27,500 ரூபாயைத் தாண்டும். இந்தச் சுமையோடு இருப்பவர் அந்நியரோடு உட்கார்ந்து பேசிப் பழக எங்கிருந்து நேரம் எடுப்பார்?

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை இங்கே ஆழ்ந்து பார்க்கத் தக்கது. லண்டனில் தணிக்கைப் படிப்பு, பம்பாயில் தொழில், பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்கள். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பைக் கொலம்பியாவில் ஆராய்ந்தார். அந்தப் படிப்பு வீணல்ல. கணக்கைக் கேள்வி கேட்கும் கருவியை அது அவருக்குத் தந்தது. ஆனால் 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு, குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை அவர் ஆய்வு செய்தார். உழவர் வீட்டு வரவையும் செலவையும் திரட்டிக் கணக்குப் பார்த்த அந்த மாதங்கள்தான் பம்பாய்த் தணிக்கையாளரைக் கிராமப் பொருளாதாரச் சிந்தனையாளராக்கின. கொலம்பியா தந்தது கல்வி. மனிதரை மாற்றியது மாதர் தாலுகா.

அம்பேத்கரைக் காட்டி இதை மறுக்கலாம். 1913இல் கொலம்பியாவுக்குப் போன அவருக்கு அங்கே தீண்டாமை இல்லாத காற்று கிடைத்தது உண்மை. 1917இல் பரோடாவுக்குத் திரும்பியபோது தன் சாதியைச் சொல்லித் தங்க ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டுப் படி தாண்ட அனுமதி கேட்டு வளர்ந்த பெண் வெளிநாட்டில் நிமிர்ந்து நடப்பதும் இதே வகைதான். இவர்கள் விஷயத்தில் நிகழ்ந்தது விலங்கு கழன்றதுதான். அந்தப் புகழை அயல்நகரத்துக்குக் கொடுத்துவிட்டு, பூட்டியவர்களைக் கேள்வி கேட்காமல் விடுவது அநியாயம். மகள் தனியாகச் சென்னைக்குப் பேருந்து ஏறக்கூடாது என்று தடுக்கும் குடும்பமே, தன்னம்பிக்கை வளரட்டும் என்று அவளை லண்டனுக்கு அனுப்பக் கடன் வாங்குகிறது.

பொறுப்பும் அந்நியரோடு பழக்கமும் மனிதரை வளர்க்கும் என்றால், செய்யாற்றைச் சுற்றி இரண்டுக்கும் பஞ்சமில்லை. பக்கத்து ஆரணியின் பட்டுத் தறியில் பாவு முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தப்பினாலும் சேலையில் தெரியும். அந்த வேலையைச் செய்து, முதலாளியிடம் கூலி பேசி, முன்பணக் கடனையும் சமாளிக்கும் இளைஞன் ஊர்ப்பேச்சில் உலகம் தெரியாதவன். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் கிராமத்துப் பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் சம்பளம் வாங்குகிறார்கள். 2023இல் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா பகுதி விவசாயிகள் நூறு நாளுக்கும் மேல் போராடினார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு திரும்பப் பெற்றது. அதிகாரி முன் நின்று பேசவும் வழக்கை எதிர்கொள்ளவும் இந்தக் குடும்பங்கள் கற்றுக்கொண்டதை எந்த வெளிநாட்டுப் பட்டமும் கற்பிக்காது. நெசவுக் கூலி போதாது, ஆலை வேலை கடினம், போராட்டம் யாரும் விரும்பி ஏற்றதல்ல. இந்தக் குறைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அங்கே வளர்ந்தவர்களை வளராதவர்கள் என்று சொல்லும் பார்வையே கண்டிக்கத் தக்கது.

இங்கே இல்லாத பாடத்துக்கும், நல்ல ஆய்வகத்துக்கும், நல்ல ஆசிரியருக்கும் கடல் கடந்து போகலாம், போகத்தான் வேண்டும். தைரியம் வரட்டும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், பெற்றோர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதிருக்கட்டும். வீட்டின் வங்கிக் கணக்கையும், தாத்தாவின் மருத்துவமனை அலைச்சலையும், பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகம் போய் வருவதையும் இந்த மாதமே மகனிடமும் மகளிடமும் ஒப்படைக்கட்டும்.