மலைநாட்டாரின் இடுப்பு நோவு

திருப்பத்தூரைச் சேர்ந்த ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உண்டு. சாமையும் கேழ்வரகும் விளைத்துப் பிழைக்கும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பிரதேசம் அது. அங்கே நாற்பது தாண்டிய ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், ‘வயதாயிற்று’ என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். வயதின்மேல் பழி போடுவது சுலபம். அது வந்து எதிர்வாதம் செய்யப்போவதில்லை. நாம் இதை ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை.

சரிவான புன்செய்யில் குட்டைப்பிடிக் களைக்கொட்டுடன் நாள் முழுதும் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கதிர்க்கட்டும் விறகும் தண்ணீரும் மேடேறுவது தலையிலும் இடுப்பிலுமே. வண்டி செல்லாத ஒற்றையடிப் பாதையில் தானிய மூட்டைக்கு மனிதன் முதுகேயன்றி வேறு வாகனம் ஏது? மலையிறங்கிக் கட்டட வேலைக்குப் போனாலோ, 50 கிலோ சிமெண்டு மூட்டை காத்திருக்கிறது. குனிந்தபடி பாரம் தூக்குங்கால், முதுகெலும்பின் அடியிலுள்ள வட்டுகளின்மேல் அப்பாரத்தைப்போல் பல மடங்கு அழுத்தம் விழுகிறது; உடலை முறுக்கினால் கேடு இன்னும் அதிகம். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்கள் 1991இல் திருத்தி வகுத்த கணக்கின்படி, சகல வசதிகளும் பொருந்தி, உடம்பையொட்டி, முறுக்காமல் தூக்குவதற்கே வரம்பு 23 கிலோதான்.

2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு நோவால் வருந்தியதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பெரும்பாலோருக்கு இன்ன வியாதியென்று சுட்டிச் சொல்ல இயலாதென்பதும் உண்மையே. அதனாலேயே தொழிலை விசாரிப்பது அவசியமாகிறது. நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன?’ என்று வைத்தியர் கேட்கவேண்டுமென இத்தாலிய வைத்தியர் ரமசீனி 1700இலேயே எழுதினார். நம் ஆஸ்பத்திரிகளில் களிம்பு கிடைக்கிறது. அந்தக் கேள்வி கிடைப்பது அரிது.

தொழிலாளியின் உடல்நலத்துக்குக் கேடு விளைக்கக்கூடிய பாரத்தைச் சுமக்கச் செய்யலாகாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இல் உடன்படிக்கை செய்தது. 2010இல் நமது தேசமும் அதை ஏற்றது. ஆனால் அதன் பாதுகாப்பு, தொழில் இன்ஸ்பெக்டர் காலடி படும் இடத்தோடு நின்றுவிடுகிறது. தன் சாமையைத் தானே சுமக்கும் குடியானவனுக்கு எஜமானன் யார்? வண்டிப் பாதை போடவேண்டிய சர்க்கார்தான் என்போம்.

ஐரோப்பாவில் பல தேசங்களில் சிமெண்டு 25 கிலோப் பையில் வருகிறது. இங்கு மட்டும் அது ஏன் முடியாது? பையைச் சிறிதாக்கினால் செலவேறுமென்று முதலாளிகள் முறையிடக்கூடும். இன்று அச்செலவைக் கூலிக்காரன் தன் இடுப்பால் செலுத்தி வருகிறான். பையின் எடையைச் சட்டத்தால் குறைப்பதும், நீண்ட பிடியுள்ள களைக்கருவிகளை விவசாய இலாகா மலைக்கு அனுப்புவதும், பாதை எட்டாத குக்கிராமங்களுக்கு வண்டிப் பாதை அமைப்பதும் உடனே செய்யத்தக்கவை. அடுத்த சாமை அறுவடைக்குள் இவற்றில் ஒன்றையாவது தொடங்கும்படி சென்னை சர்க்காரைக் கோருகிறோம்.