புள்ளியிடும் கையும் முறைப்பாடு கேட்கும் செவியும்

பல்கலைக்கழகத்திலே பெண்ணொருத்தி பாலியல் தொல்லைக்கு ஆளானாள் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம் நம்மவரிடம் ஒரு கேள்வி ஆயத்தமாக இருக்கிறது. “அப்படி நடந்திருந்தால் அந்தப் பிள்ளை ஏன் அப்போதே சொல்லவில்லை?” கேட்பவர் பெரும்பாலும் நல்லவரே, ஆயினும் அவர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கேள்வியோடு விஷயம் முடிந்துவிட்டதாகவே எண்ணுகிறார். அக்கேள்விக்கு விடை உண்டு என்பதே என் எண்ணம்.

சட்டம் இல்லாமையால் அவள் வாய் மூடியிருக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பவனுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்று அது கூறுகிறது. அதிகாரத்தில் உள்ளவர் விரும்பத்தகாத முறையில் நெருங்குவதும் இக்குற்றமே என அப்பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. 1975இல் பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி நடமாட்டம் இழந்தாள். 1997இல் அங்கேயே பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் பின் உயிரிழந்தான். அதற்கு மறு ஆண்டு பகிடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. பகிடிவதையின்போது பாலியல் தொல்லை புரிந்தால் பத்தாண்டு வரை சிறை என அது விதித்தது. 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டமோ பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கிற்று. புள்ளிக்குப் பேரமாக உடலைக் கேட்கும் அரச பல்கலைக்கழக விரிவுரையாளரும் இதற்குள் அகப்படுவார்.

ஏட்டிலே இத்தனையும் இருக்க, மாணவி ஏன் மௌனம் சாதிக்கிறாள்? “தமிழ்ப் பெண்ணின் நாணம்” என்று சிலர் பெருமையோடு கூறுவர். நான் அதை ஏற்கமாட்டேன். என்னிடம் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை ஒருத்தி, தனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டு, “முறைப்பாட்டை எழுதிறது பெரிய வேலையில்லை, சேர். ஆனா என்ர ஆய்வுக் கட்டுரைக்குப் புள்ளி போடப் போறதும் அவர்தானே” என்றாள். அவள் குரலில் நாணம் இருக்கவில்லை. நிதானமான கணக்கு ஒன்றே இருந்தது.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்த்தல் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் மாணவி வெறும் சுட்டெண். விடைத்தாளை இரண்டாமவர் ஒருவரும் பார்ப்பதுண்டு. ஆனால் தொடர் மதிப்பீட்டுக்குரிய ஒப்படைகளில் அவள் பெயர் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையை மேற்பார்வையாளர் ஓராண்டாக அறிவார். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது, முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பது, பட்டம் முடிந்தபின் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி கிடைப்பது, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு வேண்டிய சிபாரிசுக் கடிதம் ஆகிய யாவும் ஒரு துறையின் நான்கைந்து பேருடைய நல்லெண்ணத்தில் தொங்குகின்றன. நம் துறைகளோ சிறியவை. முறைப்பாட்டைக் கேட்க வேண்டிய துறைத்தலைவர், குற்றஞ் சாட்டப்பட்டவரின் பழைய மாணவராகவே இருத்தல் கூடும். பீடாதிபதி அவருடைய அடுத்த வீட்டுக்காரராக இருப்பார். மூதூரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படியேறிய ஒருத்தி இவர்களுள் எவர் கதவைத் தட்டுவாள்?

இன்னொரு தடையும் உண்டு. அதைப் பலர் அறியார். அரச நிறுவனம் ஒன்று பால் காரணமாகப் பாரபட்சம் காட்டினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையைக் கொண்டு உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. இது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒரு மாதம்! தனக்கு நேர்ந்ததற்கு இன்ன பெயர் என்று அவள் தன் மனத்துக்குள் தெளிவதற்கே அது போதாது. பொலிசாரிடம் செய்யும் முறைப்பாட்டுக்கு இவ்வெல்லை இல்லை என்பதையும் எவரும் அவளுக்குச் சொல்லி வைப்பதில்லை.

தடுப்பு என்ற பெயரில் நாம் செய்வது யாது? பெண்கள் விடுதியின் வாயிலை முன்னேரத்தில் பூட்டுகிறோம். உடையைப் பற்றி அறிவித்தல் ஒட்டுகிறோம். ஆண் மாணவன் நள்ளிரவு வரை நூலகத்தையும் தேநீர்க் கடையையும் அனுபவிக்கிறான். தொல்லைக்கு மருந்தென்று நாம் தருவதே பாரபட்சத்தின் இன்னோர் உருவமாகிறது. அரச பல்கலைக்கழகங்களில் இன்று பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பெரும்பான்மையைப் பூட்டிவைத்துச் சிறுபான்மையை உலாவ விடும் ஒழுங்கை வேறெங்கும் நான் கண்டதில்லை.

முறைப்பாட்டைப் பெறுபவர் அந்தப் பீடத்துக்கு வெளியே இருக்கவேண்டும். விசாரிப்போருள் ஒருவராவது பல்கலைக்கழகத்துக்கே வெளியிலிருந்து வரவேண்டும். முறைப்பாடு பதிவான அன்றே, அவளுடைய ஒப்படைகளும் ஆய்வுக் கட்டுரையும் வேறொருவர் கைக்கு மாறவேண்டும். இது தண்டனையன்று. வழக்கிலே தொடர்புள்ள நீதிபதி விலகி நிற்பது போன்றதே. திகதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்றும், முடிவு எப்போது வரும் என்ற எழுத்துமூல உறுதியும் அவள் கையில் இருக்கவேண்டும்.

“பொய் முறைப்பாட்டால் நல்லவர் கெட்டுப்போவாரே” என்பர். இப்போது அவர் எதனால் காக்கப்படுகிறார்? முறையான விசாரணை இல்லாத இடத்தில் மொட்டைக் கடிதமும் முகநூலும் நீதிமன்றமாகின்றன. அங்கே நிரபராதி தன்னை நிரூபிக்கவும் வழியில்லை.

இலக்கிய வட்டத்தாராகிய நம்மிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. “அவரின் அறைக்குத் தனியாகப் போகாதை” என்று மூத்த மாணவியர் புதியவளுக்கு விடுதியிலே சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பேச்சு நம் காதுக்கும் எட்டியதுதான். எட்டியும், நூல் வெளியீட்டு விழாவில் அவரையே தலைமைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். “அவருடைய புலமை வேறு, தனிவாழ்க்கை வேறு” என்கிறோம். மாணவிக்கு அவர் செய்தது தனிவாழ்க்கையன்று. சம்பளம் பெறும் தொழிலின் நடுவே நடந்தது.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பாடசாலைகளில் பாராட்டு விழா நடைபெறும். அங்கே பெண் பிள்ளைகளிடம் மாத்திரம் “கவனமாக இருங்கள்” என்று கூறி அனுப்புவது வழக்கம். இம்முறை அத்தகைய விழா ஒன்றுக்கு என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். 345ஆம் பிரிவு, ஒரு மாத எல்லை, ஆணைக்குழுவின் விலாசம், பொலிசாரிடம் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கும் விதம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க எண்ணியுள்ளேன். அச்சுக் கூலியை அதிபரே பொறுப்பேற்றுவிட்டார்.