ஆலம்பரையில் பனி பெய்கிறது!

கடப்பாக்கத்துக் கடற்கரையில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். மிச்சம் நிற்பது உடைந்த சுவர்கள், பக்கத்தில் உப்பங்கழி, அதற்கு அந்தப் பக்கம் மணல்திட்டு, கடல்.

இதை வைத்து ஒரு கல்லூரி மாணவன் தனியாளாக ஒரு கேம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற ஜப்பானிய மென்பொருளைத் திறக்கிறான். அதோடு ஒரு மூட்டை படங்களும் வரும். மரம், வீடு, தண்ணீர், கோட்டை எல்லாம் பிக்சல் சதுரங்களாகத் தயார். எடுத்து அடுக்க வேண்டியதுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் ஆலம்பரை ரெடி! எப்படி? சாம்பல் நிறக் கருங்கல், கூர்ங்கோபுரம், வாசலில் இரும்புக் கவசம் போட்ட சிப்பாய். பக்கத்து மரக்காணம் உப்பளம் வேண்டுமா? வெள்ளையாகப் பனித்தரை இருக்கிறதே, அதைப் போடு. மே மாத வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனி பெய்கிறது.

"கேம் நல்லா இருந்தா போதும், படத்துல என்ன இருக்கு?" என்பார்கள். இந்தப் பேச்சுதான் கெடுக்கிறது. படம் மேல்பூச்சு இல்லை, விளையாட்டின் விதியில் பாதி படத்துக்குள்தான் இருக்கிறது. அந்த மூட்டையில் வரும் தண்ணீரையே பாருங்கள். அதில் காலால் நடக்க முடியாது, படகு வேண்டும். அப்படித்தான் முன்கூட்டியே செட் செய்து தருகிறார்கள். ஆனால் கடப்பாக்கம் இருக்கும் பேரூராட்சியின் பெயரே இடைக்கழிநாடு! கழியில் தண்ணீர் ஏறும், வற்றும். ஒரு இடத்தில் முழங்கால் ஆழம், பத்தடி தள்ளினால் சேறு, அதற்கப்பால் ஆள் ஆழம். எப்போது எங்கே இறங்கலாம் என்பதே ஒரு முழு விளையாட்டு. நீலச் சதுரத்தை ஒட்டியவனுக்கு அது தோன்றாது. கழியை வரைய உட்கார்ந்தவனுக்குத்தான் சேறு எது, ஆழம் எது என்ற கேள்வியே வரும்.

கற்பனை வாதம் இல்லை. 2023-ல் வெளிவந்த 'வெண்பா' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, செய்தது டொரோண்டோவின் விசை கேம்ஸ். அடுத்த வருஷம் பாஃப்டா விருது வாங்கியது. அதில் முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுதான். ஆவி ஏற வேண்டுமே! தயார் மூட்டையிலிருந்து ஒரு வாணலியை எடுத்துப் போட்டிருந்தால் அந்தப் புதிர் எங்கிருந்து வந்திருக்கும்?

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல துருப்புச் சீட்டு உண்டு. 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. 2006-ல் வெளிவந்து பல வருஷம் வெறும் எழுத்துகளையும் குறியீடுகளையும் படமாக வைத்தே ஓடியது. படம் போட்ட ஸ்டீம் பதிப்பு 2022 டிசம்பரில்தான் வந்தது. உண்மைதான். ஆனால் ஒரு எழுத்து பொய் சொல்லாது. 'கோ' என்று திரையில் இருந்தால் கோட்டையை வாசிப்பவர் மனதில் கட்டிக்கொள்வார். ஐரோப்பியக் கோபுரம் அந்த இடத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. மனசில்லாமல் மூட்டைப் படத்தை ஒட்டுவதைவிட எழுத்தே மேல்.

இன்னொன்று, பிக்சல் மேல் பழி போட வேண்டாம். 'ஸ்டார்டியூ வேலி' (2016) பிக்சல்தான். எரிக் பரோன் ஒற்றை ஆளாக நாலரை வருஷம் உட்கார்ந்து, வரைந்ததையே திரும்பத் திரும்ப வரைந்து செய்தது. குறை சதுரத்தில் இல்லை, யாரோ எந்த ஊரையோ நினைத்து வரைந்த சதுரத்தில் இருக்கிறது.

நாலரை வருஷம் எல்லாராலும் முடியாது, சரி. செமஸ்டர் இருக்கிறது, அரியர் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? உடைந்த செங்கல் சுவர், கழித் தண்ணீர் இரண்டு ஆழத்தில், சேறு, உப்புக் குவியல், பனைமரம், ஒரு ஃபைபர் படகு. ஏழே படம். அந்தக் கவசக்காரனை முதலில் அழித்துவிட்டு ஆரம்பிக்கலாம்.