தீவைக் கூட்டுவதற்கு முன்னால்

இந்தியப் பெருங்கடலில் ஆல்டாப்ரா என்று ஒரு தீவு. செய்ஷல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. ஆராய்ச்சி நிலையத்துச் சிலரைத் தவிர மனிதர் குடியிருப்பதில்லை. ராட்சத ஆமைகள்தான் அங்கே பிரஜைகள். 2019-ல் ஒரு சிறு தொண்டர் படை ஐந்து வாரம் தங்கி, கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கை 25 டன் பொறுக்கி அகற்றியது. பெரும்பகுதி மீன்வலை, அதற்கடுத்தபடி செருப்பு. சுமார் 500 டன் இன்னும் மிச்சம் என்று பிறகு கணக்கிட்டார்கள். செருப்புப் போட ஆளில்லாத ஊருக்கு எத்தனை செருப்பு, பாருங்கள்!

இதைச் சொன்னதும் என் நண்பர் பூரித்துப் போனார். "எல்லாவற்றையும் எடுத்து மறுசுழற்சி செய்துவிடலாம், சார். விஞ்ஞானம் இருக்கிறது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் சண்டைக்குக் காரணம்.

நாங்கள் நின்றிருந்தது வீரபாண்டியில், முல்லைப் பெரியாற்றுப் படித்துறையில். சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் காலை. கௌமாரியம்மனுக்கு எடுக்கும் அக்கினிச் சட்டி மண். ஆயிரங்கண் பானையும் மண். உடைந்தால் ஓடு. கட்டிய வேப்பிலை காய்ந்தால் சருகு. வேண்டுதலுக்கென்று வந்த பொருள் எதுவும் ஆற்றுக்குப் பகையில்லை. வேண்டுதல் முடிந்த பிறகு எடுத்த தாகமும் பசியும்தான் பகை. பை, கப், தீனிப் பாக்கெட் என்று கரை நெடுகக் கிடந்தன.

சாக்கும் கையுமாக ஒரு அம்மாள் விடியுமுன்பே வந்து தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாட்டிலுக்கு எடைக்கு விலை உண்டு. தீனிப் பாக்கெட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த உறையைப் பிரிக்கிற செலவுக்கு அதில் கிடைக்கும் சரக்கு கட்டாது. மறுசுழற்சி என்பது பாதி விஞ்ஞானம், பாதி வியாபாரம். அந்த அம்மாளுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, படித்த என் நண்பருக்குத் தெரியவில்லை. வெயிலும் உப்பும் தின்று, சிப்பி ஒட்டி, தொட்டால் நொறுங்குகிற தீவுப் பிளாஸ்டிக்கை யார் விலைக்கு வாங்குவார்? ஆல்டாப்ராவில் ஒரு டன் அள்ளவே சுமார் 9,000 அமெரிக்க டாலர் செலவாயிற்று.

நண்பர் விடவில்லை. "வீரபாண்டிப் பை எந்தத் தீவுக்குப் போகப்போகிறது? இந்த ஆறு வைகையில் சேர்கிறது, வைகையோ கடலையே பார்ப்பதில்லை" என்றார். வாஸ்தவம். ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கியது போக மிச்சமிருந்தால்தான் அது கடலுக்குப் போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு நம் பை போயிற்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் போகாத பை எங்கே இருக்கிறது? வாய்க்கால் மடையில், கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலில், மதுரைக்காரர்கள் குடிக்கிற வைகை அணையில். தீவுக்குப் போகவில்லை என்பது ஒரு சமாதானமா?

சட்டமும் இல்லாமலில்லை. பை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடைசெய்த பொருள் தோரணம்போல் தொங்குகிறது. மஞ்சள் பையைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதன் கீழேதான் நடக்கிறார்கள்.

நீலகிரியில் 2022-ல் ஒரு காரியம் செய்தார்கள். மதுப் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான புட்டிகள் கடைக்குத் திரும்பின. குடித்தவர் கொண்டுவந்து கொடுப்பதைக் கும்பிட வந்தவர் கொடுக்க மாட்டாரா? எட்டு நாள் திருவிழாவில் கடை போடுகிறவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐந்து ரூபாய் பிடித்துக்கொள்ளட்டும். காலி உறை வந்ததும் திருப்பித் தரட்டும். உறை அவர் கையில் சேர்ந்தால், அதைச் செய்து விற்ற கம்பெனி வந்து எடுத்துப் போகட்டும்.

"நடக்கிற காரியமா?" என்றார் நண்பர்.

டீக்கடைக்குப் போனோம். எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், அந்தப் பழைய டம்ளரை எங்கேடா வைத்தாய்?" என்று குரல் கொடுத்தார்.